யூனியன் பென்ஷன் ஃபண்ட்ல இருந்து வெளியே வரணும்னா முதலாளி என்னென்ன கட்டணும், எங்கெங்க மாட்டுவார்

உங்க கேள்விய ஒருதடவ சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. நீங்களும் உங்க மச்சானும் சேர்ந்து சிகாகோ பக்கத்துல ஒரு மளிகை டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனி வாங்கியிருக்கீங்க, முன்ன 30 டிரைவர் இருந்த இடத்துல இப்ப சுமார் 20 பேர் டீம்ஸ்டர்ஸ்ங்கற லாரி டிரைவர் யூனியன்ல இருக்காங்க, ஒவ்வொரு வாரமும் அவங்க பேர்ல பென்ஷன் ஃபண்டுக்கு காசு போகுது, அடுத்த வருஷம் காண்ட்ராக்ட் முடியுது. முடிஞ்சதும் யூனியன் பென்ஷன நிறுத்திட்டு எல்லாருக்கும் 401கே (அவங்கவங்க பேர்ல தனியா இருக்கற ஓய்வுகால சேமிப்புக் கணக்கு) போட்டுடலாம், அதோட கதை முடிஞ்சுதுன்னு உங்க அக்கவுண்டண்ட் சொல்றார், இது சரியான்னு கேட்டிருக்கீங்க.

சரி இல்லங்க. நான் பல வருஷமா இந்த மாதிரி ஃபண்டுகளுக்கு கணக்கு போடற ஆக்சுவரி ஆபீஸ்ல இருக்கேன், இதே நம்பிக்கையோட வந்து உக்காந்தவங்கள நிறைய பாத்துட்டேன், அதனாலதான் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல மனசுல மாத்திக்க வேண்டியது ஒண்ணு. வாராவாரம் நீங்க கட்டறது கரண்ட் பில் மாதிரி இல்ல, கட்டுனோம் முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு. நம்ம ஊர்ல மகளிர் குழு கடன் எப்படி நடக்குது? பத்து பேரு சேர்ந்து வாங்கறாங்க, ஒருத்தி கட்டாம ஊர விட்டுப் போயிட்டா மிச்சப்பேர் தலையில விழுது, அதனால யாரும் கணக்கு தீக்காம குழுவ விட்டு போக முடியாது. இந்த ஃபண்டும் அப்படித்தான். நூத்துக்கணக்கான கம்பெனிங்க ஒரே பானையில காசு போடறாங்க, 1947 டாஃப்ட் ஹார்ட்லி சட்டப்படி யூனியன் ஆளும் முதலாளி தரப்பு ஆளும் சரிபாதியா உக்காந்து டிரஸ்டியா நடத்தறாங்க. டிரைவருக்கு சத்தியம் பண்ணுன பென்ஷனுக்கு பானையில இருக்கற காசு பத்தலைன்னா அந்த பள்ளத்துல உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. உள்ள இருக்கற வரைக்கும் அது கண்ணுக்கு தெரியாது, காலை வெளியே வைக்கற அன்னிக்கு பில்லா வரும். அதுக்கு பேருதான் வித்ட்ராயல் லயபிலிட்டி.

ஏன் இப்படி ஒரு சட்டம்னு கேட்டா அதுக்கு நியாயமான காரணம் இருக்கு. 1963 கடைசியில ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி இண்டியானா சவுத் பெண்ட் ஃபேக்டரிய மூடுனப்ப ஆயிரக்கணக்கான தொழிலாளிங்களுக்கு பென்ஷன் கொஞ்சம்தான் கிடைச்சுது, இல்ல ஒண்ணுமே கிடைக்கல, அந்த வலியிலதான் 1974ல எரிசாங்கற பென்ஷன் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு. ஆனா அதுல ஒரு ஓட்டை. கூட்டு ஃபண்ட விட்டு ஒரு முதலாளி போனா, அடுத்த அஞ்சு வருஷத்துக்குள்ள ஃபண்ட் மூடுனாத்தான் அவர் பொறுப்பு. அப்போ ஃபண்ட் ஆடறதுன்னு தெரிஞ்சதும் சீக்கிரம் ஓடறவனுக்கு லாபம், கடைசி வரைக்கும் நின்னவனுக்கு மொத்த கடனும். இத அடைக்கத்தான் 1980 செப்டம்பர்ல கார்ட்டர் கையெழுத்து போட்ட திருத்தச் சட்டம் வந்துச்சு, அஞ்சு எழுத்து சேர்த்து எம்பிபிஏஏன்னு சொல்லுவாங்க. முதலாளிங்க இது எங்க சொத்த பிடுங்கறதுன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 1984ல ஒரு கேஸ், 1986ல கானலி கேஸ், 1993ல காங்க்ரீட் பைப் கேஸ், எல்லாத்துலயும் சட்டம் நின்னுடுச்சு. அதனால இத செல்லாதுன்னு உடைச்சுடலாம்னு எந்த லாயராவது சொன்னா அவருக்கு ஃபீஸ் கட்டாதீங்க.

இப்ப எது "வெளியேறறது"ன்னு பாக்கலாம். காண்ட்ரிப்யூஷன் கட்ட வேண்டிய கடமை நிரந்தரமா நின்னா, இல்ல அந்த ஃபண்டுக்கு கீழ வர்ற தொழில நிரந்தரமா மூடுனா, அது முழு வெளியேற்றம். யார் தப்புங்கறது முக்கியமில்ல. டிரைவருங்களே ஓட்டு போட்டு யூனியன் வேண்டாம்னு சொன்னாலும் உங்களுக்கு பில் வரும், யூனியனே நாங்க இவங்கள பிரதிநிதித்துவம் பண்ணலன்னு விலகிட்டாலும் வரும். இத கேட்டு நிறையபேர் கோவப்படறாங்க, ஆனா சட்டம் பாக்கறது கடமை நின்னுச்சா இல்லையாங்கறத மட்டும்தான். ஸ்ட்ரைக் நடக்கறப்ப தற்காலிகமா கட்டாம இருக்கறது வெளியேற்றம் ஆகாது, அந்த அளவுக்கு பாதுகாப்பு இருக்கு.

அரைகுறை வெளியேற்றம்னு ஒண்ணும் உண்டு. ஆள கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு சத்தமில்லாம கழண்டுக்கலாம்னு நினைக்கறவங்களுக்கு இதான் தடுப்பு. தொடர்ச்சியா மூணு வருஷம் ஒவ்வொரு வருஷமும் உங்க காண்ட்ரிப்யூஷன் அளவு (டாலர் இல்லங்க, வாரக்கணக்கு, மணிக்கணக்கு), அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல அதிகமா இருந்த ரெண்டு வருஷத்தோட சராசரிய விட 70 சதவீதம் குறைஞ்சுட்டா பில் வரும். ரெண்டு டெப்போ இருந்து ஒண்ணுல மட்டும் யூனியன எடுத்துட்டு அங்கேயே வேலைய தொடர்ந்தாலும் வரும். 30 டிரைவர் இருந்த இடத்துல இப்ப 20 பேர்னு நீங்க சொல்றதால இன்னும் அந்த கோட்ட தொடல, ஆனா 9 பேருக்கு வந்து மூணு வருஷம் அப்படியே ஓடுச்சுன்னா தொட்டாச்சு.

கட்டிடத் தொழிலுக்கு விதிவிலக்கு இருக்கு, அந்த வேலையவே அந்த ஏரியாவுல விட்டுட்டா பில் கிடையாது, யூனியன் இல்லாம அதே வேலைய அஞ்சு வருஷத்துக்குள்ள திரும்ப ஆரம்பிச்சாத்தான் மாட்டுவாங்க. உங்களுக்கு அது பொருந்தாது. லாரி தொழிலுக்கும் ஒரு தனி விதி இருக்கு, ஆனா ஃபண்டுக்கு வர்ற காசுல கிட்டத்தட்ட மொத்தமும் லாரி, வீட்டு சாமான் மூவிங், பொது குடோன் கம்பெனிங்ககிட்ட இருந்து வரணும், டிரைவர் வச்சிருக்கற எல்லாருக்கும் இது கிடைக்காது, உங்கள மாதிரி மளிகை கம்பெனி அத நம்பி இறங்கவே கூடாது.

தொகை எப்படி வருது? பங்கு போடறதுக்கு சட்டத்துல நாலு முறை இருக்கு, ஃபண்ட் அதுல ஒண்ண வச்சிருக்கும். பொதுவா பள்ளத்த எடுத்து, கடந்த வருஷங்கள்ல மொத்தமா வந்த காண்ட்ரிப்யூஷன்ல உங்க பங்கு எத்தனை சதவீதமோ அத பெருக்குவாங்க. ஒரு விஷயம் நல்லா கவனிங்க, நீங்க எந்த வருஷம் போறீங்களோ அதுக்கு முந்தின பிளான் வருஷக் கடைசியில இருந்த பள்ளத்த வச்சுத்தான் கணக்கு. டிசம்பர் 31 வருஷக் கடைசின்னா, டிசம்பர் 30 போறதுக்கும் ஜனவரி 2 போறதுக்கும் லட்சக்கணக்குல வித்தியாசம் வரலாம், மார்க்கெட் அந்த வருஷம் ஏறுச்சா இறங்குச்சாங்கறத பொறுத்து. காண்ட்ராக்ட் முடியற தேதிய பேசறப்பவே இத மேஜைக்கு கொண்டு வரணும்.

கட்டற விதம் தனி சூத்திரம். கடந்த 10 வருஷத்துல உங்க கம்பெனி கட்டுன அதிகபட்ச ரேட், அத, கடந்த 10 வருஷத்துல தொடர்ந்து மூணு வருஷ சராசரி எதுல அதிகமோ அந்த அளவால பெருக்கணும், அதான் வருஷத் தவணை, காலாண்டுக்கு ஒருக்கா கட்டணும். ஒரு கற்பனைக் கணக்கு போடறேன். ஒரு டிரைவருக்கு வாரம் 200 டாலர், இப்ப 20 பேருக்கு வருஷம் 2,08,000 கட்டறீங்க. ஆனா எட்டு வருஷம் முன்னாடி மூணு வருஷம் 30 பேர் இருந்தாங்கன்னா 30 பேரு, 52 வாரம், 200 டாலர், வருஷத்துக்கு 3,12,000. பாத்தீங்களா, ஒருத்தருக்கும் பென்ஷன் சேக்காம, இப்ப கட்டறத விட ஒரு லட்சம் டாலர் கூட கட்டணும், அதுவும் நீங்க 401கேக்கு போடற காசுக்கு மேல.

இதுல ஒரு நல்ல விஷயம் 20 வருஷ உச்சவரம்பு. உங்க பங்கு 45 லட்சம் டாலர்னு வைங்க, வட்டி 6 சதவீதம்னா இந்த தவணையில அடைய 30 வருஷத்துக்கு பக்கத்துல ஆகும், ஆனா 20 வருஷம் கட்டுனதும் மிச்சம் போயிடும். அதனால பில்லுல இருக்கற பெரிய நம்பர பாத்து மயங்கி விழாதீங்க, வருஷத் தவணை எவ்வளவு, எத்தன வருஷம்னு பாருங்க, அதான் உங்க நிஜமான கடன். சில ஃபண்டுங்க மொத்தமா ஒரே தொகைக்கு பேசி முடிக்கவும் ஒத்துக்கும். ஆனா மாஸ் வித்ட்ராயல், அதாவது கிட்டத்தட்ட எல்லா கம்பெனியும் மூணு வருஷத்துக்குள்ள கூண்டோட கிளம்பிட்டா அந்த 20 வருஷ வரம்பே கிடையாது, நீங்க ஏற்கனவே போயிருந்தாலும் அந்த காலத்துக்குள்ள வந்தா உங்களையும் சேத்துடலாம்.

சின்ன தொகைக்கு தள்ளுபடி உண்டு. 50,000 டாலர், இல்ல ஃபண்டோட பள்ளத்துல முக்கால் சதவீதம், இதுல எது குறைவோ அத கழிச்சுக்கலாம், ஆனா உங்க பங்கு ஒரு லட்சத்த தாண்டுச்சுன்னா தாண்டுன ஒவ்வொரு டாலருக்கும் தள்ளுபடி ஒரு டாலர் குறையும். 50,000 தள்ளுபடி கிடைக்கற ஃபண்டுல 90,000 பங்குன்னா 40,000 கட்டுனா போதும், 1,20,000னா 90,000, ஒண்ணரை லட்சத்துல தள்ளுபடி முழுசா காலி.

"அரசாங்கம் ஃபண்டுக்கெல்லாம் காசு கொட்டிடுச்சே, இனிமே பள்ளம் எங்க இருக்கு"ன்னு மச்சான் கேக்கறார்னு எழுதியிருந்தீங்க. நல்ல கேள்விதான். 2021 சட்டத்துல சிரமத்துல இருக்கற ஃபண்டுகளுக்கு சிறப்பு நிதி உதவி வந்துச்சு, டீம்ஸ்டர்ஸோட சென்ட்ரல் ஸ்டேட்ஸ் ஃபண்டுக்கு மட்டும் சுமார் 3,600 கோடி டாலர், மூணரை லட்சம் பேரோட பென்ஷன் அதனால தப்பிச்சுது. ஆனா அந்த காசு முதலாளிங்க சுலபமா வெளியே ஓடறதுக்கு கொடுத்தது இல்லங்கற கருத்துல பிபிஜிசி, அதான் பென்ஷன் இன்ஷூரன்ஸ் நிறுவனம், ஒரு விதி போட்டுச்சு, வித்ட்ராயல் கணக்குல அந்த பணத்த ஒரேயடியா சேக்கக்கூடாது, வருஷம் வருஷமா கொஞ்சம் கொஞ்சமா காட்டணும்னு. 2023 ஆகஸ்ட்ல எல்லோ லாரி கம்பெனி திவால் ஆனப்ப இத எதிர்த்து சண்டை போட்டாங்க, 2024ல திவால் கோர்ட்டும் 2025ல மேல் கோர்ட்டும் அந்த விதி செல்லும்னு சொல்லிடுச்சு. அதனால உங்க ஃபண்ட் உதவி வாங்குன ஃபண்டா இருந்தா, அறிக்கையில பானை நிறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் பில் வரும்.

இனிமேதான் உங்களுக்கு ரொம்ப முக்கியமான பகுதி. கம்பெனிய எப்படி வாங்குனீங்க, ஷேரா, இல்ல சொத்து மட்டுமான்னு நீங்க எழுதல. ஷேர வாங்கியிருந்தா கம்பெனியோட பழைய வரலாறு மொத்தமும் உங்களோடது. சொத்து மட்டும்னா பழைய முதலாளியோட போட்ட அக்ரிமெண்ட்ட எடுத்து, அதுல எரிசா சட்டத்தோட 4204 பிரிவ சேத்திருக்காங்களான்னு பாருங்க. அந்த பிரிவுல வாங்கறவர் அதே அளவு காண்ட்ரிப்யூஷன தொடரணும், அஞ்சு வருஷத்துக்கு பாண்ட், அதாவது உத்தரவாதம், கொடுக்கணும், அதுக்குள்ள அவர் போய் கட்டாம விட்டா வித்தவர் ரெண்டாவது பொறுப்பாளி, பதிலுக்கு வித்தவருக்கு அன்னிக்கு பில் கிடையாது. ஆனா வித்த வருஷத்துலயும் அதுக்கு முந்தின நாலு வருஷத்துலயும் வித்தவர் கட்டுன வரலாறு வாங்குனவர் கணக்குல ஏறிடும். அந்த பிரிவே இல்லாம வாங்கியிருந்தாலும் நிம்மதி இல்ல, 2015ல ஏழாவது சர்க்யூட், அதாவது உங்க இல்லினாய்க்கு மேல இருக்கற அதே கோர்ட், மேன்வெப் கேஸ்ல கடன் வரும்னு தெரிஞ்சே சொத்த வாங்கி அதே தொழில தொடர்ந்தா வாங்குனவர் தலையிலயும் அது வரலாம்னு சொல்லிடுச்சு.

அடுத்தது குடும்பம். 80 சதவீதமோ அதுக்கு மேலயோ ஒரே கையில இருக்கற எல்லா தொழிலும் ஒரே முதலாளின்னுதான் சட்டம் பாக்குது. டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனிக்கு பில் வந்து அது கட்டலைன்னா அப்படி அதே கையில இருக்கற மோட்டல், பெட்ரோல் பங்க், எல்லாத்தையும் கேக்கலாம். இங்க நம்ம ஆளுங்க அதிகமா மாட்டற இடம் குடோன். கம்பெனிய எல்எல்சியில (கம்பெனி கடன் முதலாளியோட சொந்த சொத்த தொடாத அமைப்பு) போட்டுட்டு, நிலமும் கட்டிடமும் புருஷன் பொண்டாட்டி சொந்தப் பேர்ல வச்சு கம்பெனிக்கே வாடகைக்கு விடுவாங்க, வரிக்கு நல்லதுன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. அந்த வாடகையே ஒரு "தொழில்"னு இதே ஏழாவது சர்க்யூட் 2013ல மெசினா கேஸ்லயும், அதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கு. அது எல்எல்சியாவோ கார்ப்பரேஷனாவோ இல்லாம வெறும் சொந்தப் பேர்ல இருந்தா நடுவுல சுவரே கிடையாது, கடன் வீட்டுக்குள்ளயே வந்துடும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் கம்பெனிய மூடிட்டு ஊருக்கு போய் செட்டில் ஆகலாம்னு இருந்தப்ப இந்த வாடகை விஷயத்தால ரெண்டு வருஷம் வக்கீல் ஆபீஸ் படிக்கட்டு ஏறுனார், அவர் வீட்டம்மா முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, அவங்களுக்கு பென்ஷன் ஃபண்ட்னா என்னன்னே தெரியாது, கையெழுத்து மட்டும் போட்டிருந்தாங்க. நீங்க முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி வீட்டம்மாவையும் உக்கார வச்சு பேசுங்க.

அப்புறம், பில்லுக்கு பயந்து கம்பெனியோட சொத்த தம்பி பேருக்கு மாத்தறது, புதுசா யூனியன் இல்லாத கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சு டெலிவரிய அங்க தள்ளறது, இதெல்லாம் யோசிக்கவே யோசிக்காதீங்க. தப்பிக்கறது முக்கிய நோக்கமா இருந்த எந்த பரிமாற்றத்தையும் இல்லாத மாதிரி பாவிச்சு வசூல் பண்ண 4212 பிரிவுல நேரடியா அதிகாரம் இருக்கு.

காண்ட்ராக்ட் முடிஞ்ச அன்னிக்கே காசு நிறுத்தலாமான்னா அதுவும் முடியாது. தொழிலாளர் உறவு சட்டப்படி பழைய காண்ட்ராக்ட் காலாவதி ஆனாலும் புதுசு பேசி முடியற வரைக்கும், இல்ல பேச்சு நிஜமாவே முட்டுச்சந்துல நிக்கற வரைக்கும் இருந்த நிலைமைய தொடரணும், பென்ஷன் காசும் அதுல சேத்தி. காண்ட்ராக்ட்ட மாத்தணும்னா 60 நாள் முன்னாடி யூனியனுக்கு எழுத்துல சொல்லணும், அதுல இருந்து 30 நாளுக்குள்ள சமரச அலுவலகத்துக்கும் தெரிவிக்கணும். இடையில நிறுத்துனா பாக்கி, வட்டி, லிக்விடேட்டட் டேமேஜ் (முன்கூட்டியே குறிச்சு வச்ச அபராதம்), அவங்க வக்கீல் ஃபீஸ், எல்லாம் தனியா வரலாம், வித்ட்ராயல் பில்லுக்கு மேல.

பில் வந்துடுச்சுன்னு வைங்க. அன்னிக்கே தேதிய குறிச்சு வைங்க. 90 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம், எழுத்துல, எந்த எண் தப்பு, ஏன் தப்புன்னு சொல்லி. அவங்க பதில் வந்த நாள், இல்ல நீங்க கேட்டு 120 நாள் ஆன நாள், எது முதல்ல வருதோ அதுல இருந்து 60 நாளுக்குள்ள ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணை, ஆரம்பிக்கணும். இத விட்டா எவ்வளவு நியாயம் உங்க பக்கம் இருந்தாலும் கதவு மூடிடும், கோர்ட்ல போய் தொகை தப்புன்னு சொல்ல முடியாது. அதோட சண்டை நடக்கறப்பவும் தவணை கட்டிட்டே இருக்கணும், பில் வந்த 60 நாளுக்குள்ள முதல் தவணை. முதல்ல கட்டு, அப்புறம் சண்டை போடு, ஜெயிச்சா அதிகமா கட்டுனது வட்டியோட திரும்ப வரும். கட்டாம விட்டு, கட்டலன்னு அவங்க நோட்டீஸ் அனுப்பி 60 நாள் ஆகியும் சரி பண்ணலைன்னா, கடைசியில 20 வருஷத்துக்கானது மொத்தமும் ஒரே நாள்ல கேக்கற நிலைமைக்கு வரும்.

சண்டை போட விஷயம் இருக்கான்னா இருக்கும். எந்த வட்டி விகிதத்துல பள்ளத்த கணக்கு போட்டாங்கங்கறதுலதான் இப்ப பெரிய பெரிய கேஸ் எல்லாம். 2021ல ஆறாவது சர்க்யூட்டும் 2022ல டிசி சர்க்யூட்டும், ஃபண்ட் தன்னோட முதலீட்டுக்கு உண்மையா எதிர்பாக்கற வருமானத்துக்கு சம்பந்தமில்லாம குறைஞ்ச வட்டிய போட்டு பில்ல ஏத்தக்கூடாதுன்னு முதலாளி பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கு. என் தொழில்ல இருக்கறவங்களுக்குள்ளயே இதுல ரெண்டு கட்சி இருக்கு, நான் நினைக்கறது ஃபண்டும் நியாயமான எண்ண காட்டணும், முதலாளியும் நியாயமான பங்க கட்டணும், அவ்வளவுதான்.

வெளியேறவே கூடாதுன்னு நான் சொல்லல. 2007ல யூபிஎஸ் சென்ட்ரல் ஸ்டேட்ஸ விட்டு 610 கோடி டாலர் கட்டிட்டுத்தான் வெளிய வந்துச்சு. சில ஃபண்டுகள்ல புது பூல்னு ஒண்ணு இருக்கு, பழைய பங்க கணக்கு தீத்துட்டு புது பூல்ல தொடரலாம், டிரைவருங்களுக்கு பென்ஷனும் தொடரும், உங்க எதிர்கால கடனும் அளவோட நிக்கும், உங்க ஃபண்டுல அது இருக்கான்னு கேளுங்க. தவணை கட்டறப்ப வரியில கழிச்சுக்கலாம்ங்கறதையும் கணக்குல சேருங்க.

அந்த 20 பேரையும் ஒரு நிமிஷம் நினைங்க. அவங்க இதுவரைக்கும் சேத்த பென்ஷன் உரிமை நீங்க போறதால அழிஞ்சுடாது, ஆனா ஃபண்ட் முழுகுனா இன்ஷூரன்ஸ் கொடுக்கறது 30 வருஷம் உழைச்சவருக்கு அதிகபட்சம் வருஷத்துக்கு 12,870 டாலர்தான், மாசம் ஆயிரத்து சொச்சம், சிகாகோவுல அது வாடகைக்கே காணாது. நீங்க கட்டற தவணை எங்கயோ காத்துல போகல, அந்த பானைக்குத்தான் போகுது.

இப்ப செய்ய வேண்டியது ஒரே ஒரு லெட்டர். நாளைக்கே ஃபண்டுக்கு எழுதி, உங்க கம்பெனி இன்னிக்கு வெளியேறுனா எவ்வளவுன்னு மதிப்பீடு கேளுங்க, 12 மாசத்துக்கு ஒருதடவ கேக்கற உரிமை சட்டத்துல இருக்கு, அவங்க 180 நாளுக்குள்ள கொடுக்கணும், அதுக்கு ஒரு நியாயமான கட்டணம் வாங்கலாம். கூடவே கடைசி ஆக்சுவரி அறிக்கையும் கேளுங்க, அது 30 நாள்ல வரணும். காண்ட்ராக்ட் அடுத்த வருஷம் முடியுதுன்னா அந்த 180 நாள் உங்களுக்கு சரியாத்தான் இருக்கும், தள்ளிப்போட்டா பேச்சுவார்த்தைக்கு எண் தெரியாம போய் உக்காருவீங்க. வந்ததும் வருஷத் தவணை எவ்வளவு, எத்தன வருஷம், எந்த முறையில பங்கு போட்டாங்கங்கற மூணையும் எனக்கு எழுதுங்க, கூட உக்காந்து பாக்கலாம். வாங்குன அக்ரிமெண்ட்டையும், குடோன் பத்திரம் யார் பேர்ல இருக்குங்கறதையும் அதுக்குள்ள தேடி எடுத்து வைங்க.